பட்டி

பிப்ரவரி கடைசி ராத்திரி
வீடில்லாதவர்களை எண்ண வேண்டும் என்று உத்தரவு.
எனக்கு ஒதுக்கியது மூலைக்கரைப்பட்டிக்குக் கிழக்கே
ஒன்பது கிலோமீட்டர் இருட்டு,
ஒரு டார்ச், ஒரு அட்டை,
யூனியன் ஆபீஸ் ஜீப்பில் முன்சீட்டு.

டிரைவர் லாசர் சிரித்தார்:
"இந்தப் பக்கம் வீடில்லாதவன் யாரு டீச்சர்?
கடனில்லாதவன்தான் கெடையாது."

கலுங்கு தாண்டியதும் முதலில் வந்தது வாடை.
பிறகு கண்கள்.
டார்ச்சைத் திருப்பின பக்கமெல்லாம் பச்சையாய்
இருநூறு, முந்நூறு ஜோடி.
முன்னறுப்பு முடிந்த வயலில்
நாலு மூலையும் குச்சி அடித்து நைலான் வலை கட்டி
உள்ளே ஆடு.
வெளியே ஆள்.

கொம்பையா, முப்பத்தொன்று.
சம்சாரம் பிரமு. தம்பி நம்பிராசன்.
குடாப்புக்குள் குட்டிகளோடு குட்டியாய்
இன்னும் பேர் வைக்காத பிள்ளை ஒன்று.
பேர்க் கட்டத்தில் "குழந்தை" என்று போடச் சொல்லியிருந்தார்கள்.
போட்டேன்.

ஏழாவது கேள்வி, இருப்பிடம்.
"இதா."
இதுன்னா? ஊர் பேர் சொல்லணும்.
"இன்னைக்கு இவிய வயலு. நாளைக்கு வேற வயலு.
ராவுக்கு இவ்வளவுன்னு பேச்சு."
சரி, இந்த அடைப்புக்கு என்ன பேர்?
"நாங்க கிடைம்போம்.
மேக்க உள்ளவிய பட்டிம்பாவ."

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

என் ஊர் நொச்சிப்பட்டி.
நொச்சிக்கு எங்களிடம் மூன்று கதைகள் உண்டு.
எது சரி என்ற சண்டையில்
ஒரு வருஷம் கோயில் கொடையே நின்றது.
பட்டியை யாரும் கேட்டதில்லை.
அது வால்.
"நொச்சி எறங்கு" என்று கண்டக்டர் முழுங்கிவிடுவது.
இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலையில்
கரும்பலகையின் மேல்மூலையில் எழுதுகிறேன்,
ஒருநாளும் ஆட்டு வாடை அடித்ததில்லை.

அகராதியில் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் மூன்றும்:
பட்டி, ஆடுமாடு அடைக்கும் இடம்.
பட்டி, சிற்றூர்.
பட்டி, கட்டுக்கடங்காமல் திரியும் மாடு.
அடைப்புக்கும் அதே பேர்,
அடைப்பைத் தாண்டி ஓடினதுக்கும் அதே பேர்.
எங்கள் ஊர்க்காரர்களைத் தெரிந்தவர்கள்
இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

முதலில் எவனோ ஒருவன்
காலையில் குச்சியைப் பிடுங்காமல் விட்டிருப்பான்.
பெரிய காரணம் ஒன்றும் இருந்திருக்காது.
சினை ஆடு நாள் தள்ளியிருக்கும்.
மழை பிடித்திருக்கும்.
பேசின நெல் வந்து சேராமல்
இன்னும் ஒரு ராத்திரி பார்ப்போம் என்று இருந்திருப்பான்.
இன்னும் ஒரு ராத்திரி.
ஈரத்தில் நின்ற குச்சி துளிர்த்திருக்கும்.
நொச்சிக் குச்சியாகக்கூட இருக்கலாம்.
இது நாலாவது கதை.
ஊரில் சொல்லப் போவதில்லை, கொடை நடக்கட்டும்.

மறுநாள் சூப்பர்வைசர் போன்:
"அந்த நாலு பேருக்கு ஊர்க் கட்டம் காலியாக் கிடக்கே?"
டவுன் பஸ் பிடித்துத் திரும்பவும் போனேன்.
வயலில் ஆளில்லை.
வெளுத்த தாளுக்கு நடுவே கறுப்பாய் ஒரு சதுரம்,
புழுக்கையும் மூத்திரமும் ஊறி,
நாலைந்து வீட்டு மனை தேறும்.
மூலைக்கு ஒரு குச்சித் துளை.
மடை பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"தெக்க போயிட்டாவ.
அடுத்த நடவுக்கு வந்து பாருங்க,
இந்தச் சதுரம் மட்டும் கறுகறுன்னு நிக்கும்."

கோடு இழுத்து விட்டுவிடலாம்.
பக்கத்து ஊரைப் போடலாம், அதுவும் ஒரு பட்டிதான்.
வரப்பில் உட்கார்ந்து அட்டையை முழங்காலில் வைத்து
என் ஊர்ப் பேரை எழுதினேன்,
பின்பாதியையும் நிறுத்தி, புள்ளி வைத்து.

அடுத்த கணக்கு வரைக்கும்
நொச்சிப்பட்டியில் நாலு பேர் கூடுதல்.
ஆடுகளுக்குக் கட்டம் இல்லை.